20 நிமிடத்துக்கு 250 மில்லி: ஏற்காட்டுக் கோடைக்கு இந்தக் கணக்கு சரியா?

மலையடிவாரம் (சேலம்):
"கோடையில் ஏற்காட்டு மலைத்தடத்தில் மாரத்தான் ஓடுகிறவர்கள் தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 250 மில்லி நீர் குடிக்க வேண்டும், உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் ஆபத்தே இல்லை" என்று அடையாறு நண்பர் எழுதியிருப்பதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மலைத்தடத்தை ஏழு மணி நேரத்தில் கடக்கிற ஒருவர் இந்தக் கணக்குப்படி ஐந்து லிட்டருக்கு மேல் குடித்துவிடுவார். ஏற்றத்தில் பெரும்பகுதியை நடந்தே கடக்கிறவருக்கு அவ்வளவு வியர்க்காமல் போகலாம். மிஞ்சுகிற நீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். அளவுக்கு மீறிக் குடித்தவரை உப்பு மாத்திரை காப்பாற்றாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

அடையாறு ஓட்டம்:
பாஸ்டனின் ஏப்ரலும் சேலத்தின் ஏப்ரலும் ஒன்றா? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் மணிக்கு 600 முதல் 1200 மில்லி வரை குடிக்கச் சொன்னது. நான் சொன்ன 750 அதற்குள்தான் அடங்குகிறது. மலையடிவாரத்தில் வீடு இருப்பதாலேயே ஒருவர் மருத்துவர் ஆகிவிடுவதில்லை.

மலையடிவாரம்:
அதே அமைப்பு 2007இல் அந்த எண்ணைக் கைவிட்டு, அவரவர் வியர்வைக்கு ஏற்பத் திட்டமிட வேண்டும் என்று மாற்றிக்கொண்டதை ஏன் மறைக்கிறீர்கள்? 2015இல் கார்ல்ஸ்பாட் நகரில் கூடிய வல்லுநர்கள் தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதையே பரிந்துரைத்தார்கள்.

நெடுந்தடம்:
இருவரும் நீரை விட்டு நகர மறுக்கிறீர்கள். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் அளவாகப் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே தொடங்கும், அதில் உப்பும் குறையும். அதைவிட முக்கியமானது இறக்கம். நீண்டுகொண்டே சுமை தாங்குகிற முன்தொடைத் தசைகள் நைந்துபோய், கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஓடவிடாமல் செய்யும்.

அடையாறு ஓட்டம்:
அதற்குத்தான் நாங்கள் பரங்கிமலைப் படிகளில் வாரந்தோறும் ஏறி இறங்குகிறோம்.

மலையடிவாரம்:
நூறு மீட்டர்கூட உயரமில்லாத குன்றை ஏறி இறங்கிவிட்டு, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டுக்கு எங்களுக்கே பாடம் எடுக்கிறீர்கள். போன வருடம் உங்கள் குழுவை எங்கள் தடத்துக்கு அழைத்தபோது, வெயில் அதிகம் என்று வராமல் இருந்தவர்களும் நீங்கள்தான்.

அடையாறு ஓட்டம்:
அன்று வராததற்கு வனத்துறை அனுமதி இல்லாததே காரணம். அதை நீங்களே அறிவீர்கள். தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே வறண்டிருக்கும். 20 நிமிடத்துக்கு 250 மில்லி என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

நெடுந்தடம்:
இறக்கப் பயிற்சி பற்றி ஒருவரும் பேசப்போவதில்லையா?

மலையடிவாரம்:
நீர்க் கணக்கு தீரட்டும், பிறகு பேசலாம். அடையாறு நண்பரே, ஓடுவதற்கு முன்பும் ஓடி முடித்த பின்பும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்தீர்கள் என்றுதான் பொருள். அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.