பதினோரு வருஷத்தை நாலு வருஷம் என்று சொல்லிவிட்டேன். இது எப்படி நடக்கிறது?

கேள்வி

போன வாரம் வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் தம்பி, "எப்பம்மா வாங்கினது?" என்று கேட்டார். "நாலு வருஷம் இருக்கும்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் அப்படியே வந்துவிட்டது. அவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாடல் வர்றது நின்னே ரொம்ப நாள் ஆச்சேம்மா" என்றார். வாரன்ட்டி அட்டையைத் தேடி எடுத்தேன். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. தேதியை எழுதியிருப்பது நான்தான். நீல மை வெளுத்துப்போயிருக்கிறது.

ஒரு வருஷம் முன்னே பின்னே என்றால் பரவாயில்லை. ஏழு வருஷத்தை எங்கே விட்டேன்? மெஷின் வந்த அன்று அது வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து என் மகள் கதைப் புத்தகம் படித்தாள். அப்போது அவளுக்கு 11 வயது. இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் வளர்ந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை நினைத்தால் சமீபத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது.

எனக்கு 51 வயது. கணக்குப் பிரிவில் வேலை. 22 வருஷமாக மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். அதாவது 264 முறை. அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தேன். தனித்தனியாக ஞாபகத்தில் நிற்பது ஐந்துதான். ஒரு தடவை ராத்திரி பதினொன்றரைக்குக் கரன்ட் போய், சேமிக்காத ஃபைலை முதலிலிருந்து மறுபடி அடித்தோம். இன்னொரு தடவை ஒரு சின்னத் தொகை மூன்று நாள் இடித்துக்கொண்டே இருந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று கவனித்த பிறகுதான் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்கின்றன என்று பிடித்தேன். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது. மீதி 259 மாதமும் சேர்ந்து ஒரே மாதம் போல இருக்கிறது.

ஆனால் ஒன்பது வயதில் கால் உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். அது ஒரு யுகம். சன்னல் வெயில் சுவரில் விழும். அது அலமாரியின் கைப்பிடியைத் தொட்டால் மத்தியானம். கதவின் ஓரத்துக்கு வந்தால் அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வருவான். கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு முழம் சுவர்தான். அதைத் தாண்ட அந்த வெயில் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே! கட்டுக்குள் அரிக்கும்; அடி ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிவேன்.

வயது ஏற ஏற ஒரு வருஷம் என்பது வாழ்க்கையில் சின்னப் பங்காகிவிடுகிறது, அதனால்தான் என்று பலரும் சொல்கிறார்கள். ஐந்து வயதில் ஐந்தில் ஒரு பங்கு, ஐம்பதில் ஐம்பதில் ஒரு பங்கு. பின்னம் சரிதான். ஆனால் மனசு எங்கே உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது என்னை நிஜமாகவே பாதித்திருக்கிறது.

பதில் (உளவியல் கற்பிக்கிறேன்)

அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்தப் பங்குக் கணக்கை 1877-இல் சொன்னவர் பால் ஜானே என்ற பிரெஞ்சு மெய்யியலாளர். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் அதை எடுத்துப் பேசும்போதே, இது நடப்பதை விவரிக்கிறதே தவிர ஏன் நடக்கிறது என்று சொல்லவில்லை என்றார். அவர் சொன்ன காரணம் கிட்டத்தட்ட உங்கள் 259 மாதம்தான்: நாட்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் ஞாபகத்தில் தனித்தனியாக நிற்பதில்லை.

நேரத்தை நாம் இரண்டு விதமாக அளக்கிறோம். நடந்துகொண்டிருக்கும்போது "இன்னும் முடியலையே" என்று பார்ப்பது ஒன்று. முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து "எவ்வளவு நாள் ஆச்சு" என்று கணிப்பது இன்னொன்று. இரண்டாவதில் மனசிடம் கடிகாரம் கிடையாது. எத்தனை ஞாபகம் கிடைக்கிறது, எவ்வளவு தெளிவாகக் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைச் சொல்கிறது. அந்த அட்டைப் பெட்டி உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றிவிட்டது.

வயது மட்டும் காரணம் இல்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று மிஷேல் சிஃப்ரே. பிரான்சைச் சேர்ந்த நிலவியலாளர். 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். இரண்டு மாதம் சூரிய வெளிச்சம் கிடையாது, ஆள் கிடையாது. எழுந்தால், சாப்பிட்டால், படுத்தால் தொலைபேசியில் மேலே இருப்பவர்களுக்குச் சொல்லுவார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், அவரிடம் சொல்லமாட்டார்கள். ஒரு நொடிக்கு ஓர் எண் என்று 120 வரை எண்ணச் சொன்னபோது அவருக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14-ஆம் தேதி அவரை மேலே அழைத்தபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது. அப்போது அவருக்கு வயது 23.

நாட்களைப் பிரித்துக்காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் இளைஞருக்கும் அவை ஒட்டிக்கொள்ளும். வயதானவர்களுக்கு அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் வாய்க்கின்றன, அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. 2005-இல் மார்க் விட்மனும் சான்ட்ரா லென்ஹாஃபும் 14 முதல் 94 வயது வரை 499 பேரிடம் கேட்டார்கள். போன வாரம், போன மாதம், போன வருஷம் எவ்வளவு வேகமாகப் போனது என்று கேட்டால் சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போன பத்து வருஷம் என்று கேட்டபோதுதான், பெரியவர்களுக்கு அது வேகமாகப் போனதாகத் தோன்றுவது தெளிவாகத் தெரிந்தது. உங்களுக்கும் இடித்தது பதினோரு வருஷத்தில்தானே, ஒரு வாரத்தில் இல்லையே.

கேட்டவர்

சார், இரண்டு தடவை படித்தேன். அந்த இருபத்தைந்து நாள் என்னை உலுக்கிவிட்டது. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது. கணக்குப் பிரிவு ஆள், இடித்தால் விடமாட்டேன். என் மாவுக்கட்டு ஆறு வாரத்திலும் ஒன்றுமே நடக்கவில்லையே! அதே அறை, அதே சுவர். குகை மாதிரிதான். அவருக்குச் சுருங்கியது எனக்கு ஏன் நீண்டது?

பதில் (74 வயது, ஓய்வு பெற்றவன்)

ஆசிரியர் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று சொல்கிறேன். மகளே, உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லாதே. வெயில் கைப்பிடியிலிருந்து கதவுக்கு நகர்ந்ததை 42 வருஷம் கழித்து அளவோடு சொல்கிறாய். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அண்ணன் வருவதற்காகக் காத்திருந்தாய். காத்திருக்கிறவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் தெரியும்.

எனக்கு இப்போது பகல் நீளம், வருஷம் குட்டை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பொழுது நகராது. புத்தகம் எடுத்தால் பத்துப் பக்கம், வாசலில் பத்து நிமிஷம், மறுபடி பார்த்தால் மூன்றரை. ஆனால் வருஷக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் அந்த மத்தியானங்கள் ஒன்றுகூட இல்லை. கொரோனா ஊரடங்கில் இது இன்னும் மோசம். என் பேரன்கள் "தாத்தா, டைம் பறக்குது" என்றார்கள். எனக்கு அது நின்ற இடத்திலேயே நின்றது. கிழவனுக்கு எல்லாம் வேகமாகப் போகும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அடுத்த நாள் கட்டைப் பிரித்ததும் என் கையைப் பார்த்தேன். தோலில் இருந்த கோடுகள் எல்லாம் புதிதாகத் தெரிந்தன. அந்த ஒரு வாரம் மட்டும் அப்படியே முழுசாக இருக்கிறது. அந்த வருஷத்தில் வேறு என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பதில் (உளவியல் கற்பிக்கிறேன்)

ஐயா சொன்னதை என்னால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. ஊரடங்கு பற்றியும் அவர் சொல்வது சரி. 2020-இல் பிரிட்டனில் ரூத் ஆக்டன் நடத்திய ஆய்வில், வயது கூடியவர்களுக்குப் பொழுது மெதுவாகப் போவதாகத் தோன்றும் போக்குதான் தெரிந்தது. செய்ய வேலை குறைவாக இருந்தவர்களுக்கும், மனிதர்களோடு பழகுவதில் குறை உணர்ந்தவர்களுக்கும் அப்படியே.

மாவுக்கட்டுக்கு வருவோம். கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே ஞாபகம் அழுத்தமாக விழுகிறது. டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை முதுகுப்பக்கமாகக் கீழே விழவிட்டு வலையில் பிடித்தார்கள். மற்றவர் விழுந்ததைவிடத் தான் விழுந்தது சராசரியாக 36 சதவீதம் அதிக நேரம் என்று அவர்கள் கணித்தார்கள். சரி, உண்மையிலேயே நேரம் மெதுவாகத் தெரிந்ததா என்று பார்க்க, கையில் வேகமாக மாறும் எண்களைக் காட்டும் ஒரு கருவியைக் கட்டியிருந்தார்கள். மெதுவாகத் தெரிந்திருந்தால் எண்ணைப் படித்திருக்கலாம். யாராலும் முடியவில்லை. அந்த நொடிகள் ஞாபகத்தில் அடர்த்தியாகப் பதிந்ததால் பிறகு நீளமாகத் தோன்றியிருக்கின்றன என்றுதான் அவர்கள் விளக்கினார்கள். உங்களுக்கு ஒன்பது வயதில் முதல் வலி, முதல் தனிமை, முதல் கட்டு. சிஃப்ரேக்கு வெயிலும் இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் அண்ணனும் இல்லை.

வயதுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிடமாட்டேன். 1990-களில் பீட்டர் மாங்கன் என்பவர் மூன்று நிமிடத்தை மனசுக்குள் எண்ணிச் சொல்லும்படி கேட்டார். இருபதுகளில் இருந்தவர்கள் சராசரியாக 3 நிமிடம் 3 நொடியில் நிறுத்தினார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் 3 நிமிடம் 40 நொடியில். அதாவது அவர்கள் மனசுக்குள் மூன்று நிமிடம் ஆவதற்குள் வெளியே அதைவிட அதிக நேரம் போய்விடுகிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓரிருவரை வைத்து முடிவு கட்டக்கூடாது, ஆனால் செய்து பார்த்தால் புரியும்.

பதில் (வீட்டில் நாலு மாதக் குழந்தை)

ஐயா சொன்ன "பகல் நீளம், வருஷம் குட்டை" எனக்கு 29 வயதிலேயே நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது பொழுது விடியவே விடியாது. ஆனால் நேற்றுத்தான் பிறந்தாற்போல இருக்கிறது, அதற்குள் போன மாதச் சட்டை சேரவில்லை.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, "மகளே" என்று எழுதியிருந்தீர்கள். அப்பா போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். டிவியை அணைத்தோம், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வேறு அறையில் வைத்தோம். மகள் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டாள். முதலில் அவளே கண்ணை மூடினாள், நான் அளந்தேன்: 3 நிமிடம் 6 நொடி. அடுத்து நான். 120 வரை நன்றாக எண்ணினேன், அதற்கு மேல் மாதக் கணக்கு நினைவு வந்துவிட்டது, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். 3 நிமிடம் 31.

அம்மாவுக்கு 79. "எனக்கு எதுக்கும்மா" என்றாள், பிறகு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் முட்டியில் மெல்லத் தட்டித் தட்டி எண்ணினாள். மூன்று நிமிடம் ஆனதும் மகள் என்னைப் பார்த்தாள். அம்மா தட்டிக்கொண்டே இருந்தாள். விரல்கள் அவ்வளவு நிதானமாக எழுந்து இறங்கின. இவ்வளவு நேரம் அம்மாவின் கையை நான் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன். இந்தத் தடவை வாயில் வந்த எண்ணை நான் நம்பவில்லை.

அம்மா கண்ணைத் திறந்து "ஆச்சு" என்றாள். 4 நிமிடம் 8 நொடி. மகள் செல்போனைக் காட்டினாள். அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள நாலு நிமிஷமா?" என்றாள்.