புது எஸ்எஸ்டி: முழுவதும் ஒரே சி டிரைவா, பிரித்துவிடலாமா?

மின்மினி:
1 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பால் ஆன டிஸ்க்) ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். முதலில் விண்டோஸ் 11 போடப் போகிறேன், கொஞ்ச நாள் கழித்து அதிலேயே லினக்ஸும். பழைய கம்ப்யூட்டரில் சி, டி, இ என்று மூன்று டிரைவ் இருந்தது. இப்போது கேட்டால் எல்லாரும் ஒரே சி போதும் என்கிறார்கள். இன்ஸ்டால் செய்த பிறகு மாற்றுவது பெரும்பாடு என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.

கல்தச்சன்:
பிரித்துவிடுங்கள். விண்டோஸ் என்றைக்காவது ஒருநாள் எழுந்திருக்காது. எனக்குப் போன வருடம் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது, அப்புறம் என்ன செய்தும் நீலத் திரையைத் தாண்டவில்லை. சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து மறுபடி போட்டேன், டி டிரைவில் இருந்த பத்து வருடப் படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிரிக்காமல் ஒரே பார்ட்டிஷனாக (டிஸ்க்கின் பகுதியாக) இருந்திருந்தால் லைவ் யுஎஸ்பியில், அதாவது இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஓஎஸ் உள்ள பென் டிரைவில், பூட் செய்து ஒவ்வொரு ஃபோல்டராக வெளியே எடுத்த பிறகுதான் ஃபார்மட் பட்டனில் கை வைத்திருக்க முடியும்.

நெடுவழி:
படங்கள் தப்பியது டிஸ்க் நன்றாக இருந்ததால்தான். டிஸ்க்கே போயிருந்தால் சி, டி இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். டி டிரைவில் போட்டுவிட்டோம், பத்திரம் என்று நினைத்துப் பேக்கப் எடுக்காமலே இருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இந்த யோசனையே எனக்குப் பிடிக்காது.

அடுத்தது இடம். சி டிரைவுக்கு 100 ஜிபி ஒதுக்கினேன், தாராளம் என்று நினைத்து. ஆனால் டவுன்லோட், டெஸ்க்டாப், ஆப்டேட்டா (புரோகிராம்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் ஃபோல்டர்) எல்லாமே தானாக சி டிரைவுக்குள்தான் போகும். ஒன்றரை வருடத்தில் சி சிவப்புக் கோட்டில் நிற்கிறது, டி டிரைவில் 600 ஜிபி சும்மா கிடக்கிறது. டி டிரைவைக் காலி செய்து அழித்துவிட்டு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மேல் ரைட் கிளிக் செய்தால், பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் மெனு மங்கலாகக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. ஏன் என்று பார்த்தால் சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில், விண்டோஸ் பழுதானால் சரிசெய்வதற்கான ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது. காலி இடம் சி டிரைவை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் அந்த மெனு வேலை செய்யும்.

கல்தச்சன்:
அது 100 ஜிபி கொடுத்த தவறு, பிரித்த தவறு இல்லை. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், அதில் 300 ஜிபி சி டிரைவுக்குக் கொடுத்தால் இந்தப் பேச்சே வராது. பேக்கப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். டி டிரைவ் பேக்கப் ஆகாது, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும்.

நெடுவழி:
300 ஜிபி போதும் என்று இன்றைக்கு எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு கேம் மட்டுமே 100 ஜிபி தாண்டுகிறது. இன்னொன்று, முதல் பார்ட்டிஷன் வேகமாக இருக்கும் என்று சொல்வதெல்லாம் சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்துக் கதை. அதில் முதலில் வருவது தட்டின் வெளி வட்டம், அங்கே வேகம் நிஜமாகவே அதிகம். எஸ்எஸ்டியோ பார்ட்டிஷனை எங்கே பிரித்திருக்கிறோம் என்று பார்க்காமல், எழுதும் டேட்டாவைச் சிப் முழுக்கப் பரப்பிக்கொள்ளும்.

ஆழி:
இரண்டு பேரும் சி, டி என்றே பேசுகிறீர்கள், அவர் லினக்ஸும் போடப் போகிறேன் என்கிறார். அப்படியானால் மொத்தத்தையும் சி டிரைவுக்குக் கொடுப்பது சரிவராது. பிறகு சி டிரைவை ஷ்ரிங்க் செய்து (சுருக்கி) கொள்ளலாம் என்றால், நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று நடுவில் இருந்தால் விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும். பாதி டிஸ்க் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று காட்டும்.

அதைவிட முக்கியம் இஎஃப்ஐ பார்ட்டிஷன், கம்ப்யூட்டர் பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் இருக்கும் சின்னப் பகுதி. விண்டோஸ் இன்ஸ்டாலர் தானாகப் போடுவது பெரும்பாலும் 100 எம்பி. லினக்ஸும் வந்து, சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) கெர்னலையும், அதாவது லினக்ஸின் மையப் புரோகிராமையும், அதிலேயே வைக்க ஆரம்பித்தால் நிரம்பிவிடும், பின்னால் பெரிதாக்குவதும் சுலபமில்லை. இன்ஸ்டாலர் திரையில் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி டிஸ்க்பார்ட் என்ற கமாண்ட் கருவியைத் திறந்து, புது எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து, கிளீன் கொடுத்து, ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறைக்கு மாற்றி, 1 ஜிபியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை நீங்களே உருவாக்கி ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். கிளீன் கேள்வி கேட்காது, எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அதன் பார்ட்டிஷன்கள் எல்லாம் அடுத்த நொடி காணாமல் போகும். அதனால் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

நெடுவழி:
இரண்டு ஓஎஸ் என்றால் பிரித்தாக வேண்டும்தான், அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஆனால் விண்டோஸுக்குள் மறுபடி சி, டி என்று வெட்டாதீர்கள். விண்டோஸுக்கு ஒன்று, மிச்சத்தை அப்படியே அன்அலகேட்டடாக (ஒதுக்காத காலி இடமாக) லினக்ஸுக்கு விட்டுவிடுங்கள், போதும்.

கல்தச்சன்:
இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு டேட்டா பார்ட்டிஷன் வேண்டாமா? அப்படி வைத்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் பக்கம் அந்த டிரைவைப் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

மின்மினி:
நன்றி. சி 400 ஜிபி, பொது டேட்டா 300 ஜிபி, மிச்சம் லினக்ஸுக்கு. வெளி டிஸ்க் ஒன்றும் பேக்கப்புக்காக வாங்கப் போகிறேன். இன்ஸ்டாலர் அளவை எம்பியில் கேட்கும் இல்லையா, அப்படியானால் 400 ஜிபிக்கு 409600 என்று போட்டால் சரியா?

ஆழி:
சரிதான். அந்த ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவின் வாலிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும், கடைசியில் சி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிறியதாக இருக்கிறதே என்று அதை அழித்தும் விடாதீர்கள். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட் அந்த இடம் போதாமல் நிறையக் கம்ப்யூட்டர்களில் 0x80070643 என்ற பிழையோடு நின்றது.