பைபாஸ் சிக்னலிங்: ‘மறுகால் குறிகை’ எனலாமா?

வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க் கையேட்டில் ‘சிக்னலிங் பாத்வே’க்கு, அதாவது செல்லுக்குள் செய்தி கடந்துபோகும் வழிக்கு, ‘குறிகைத்தடம்’ என்று முடிவாகிவிட்டது. குறிகைவலை, குறிகையேற்பி என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் வருகின்றன. இடிப்பது ‘பைபாஸ் சிக்னலிங்’: மருந்து ஒரு தடத்தை அடைத்தால் செய்தி வேறு தடத்தில் சுற்றிப் போவது. பைபாஸ் என்றே விட்டால் நெஞ்சு ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும்; ‘மாற்றுவழி’ என்றால் மாற்று மருத்துவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நம்ம பக்கம் சொல் தயாராகவே கிடக்கிறது: மறுகால், குளம் நிறைந்ததும் மிகைநீர் வழிகிற இடம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மருந்து அடைக்கிறது. ஹெர்2 அல்லது எஃப்ஜிஎஃப்ஆர்1 என்ற வேறு ஏற்பி வழியாகப் போய் செல், பிரிதலைத் தூண்டும் அதே சைக்ளின் டி1 புரதத்தை எட்டிப் பெருகுகிறது. மடையை அடைத்தால் நிறைகுளம் மறுகால் பாயும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரில் விளையும் ஊர்களில் இதற்கு விளக்கமே வேண்டாம்.

——

> மடையை அடைத்தால் நிறைகுளம் மறுகால் பாயும்

அண்ணாச்சி, சொல் பொருத்தம்தான். ஆனால் மருந்துக்கு மசியாத எல்லாவற்றையும் இதில் தள்ளிவிடக் கூடாது.

எவரோலிமஸ் மருந்து, செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் புரதத்தை அடைத்ததும், அதே தடத்தில் அதற்குக் கீழுள்ள எஸ்6 கைனேஸ் என்ற நொதி படுத்துவிடும். மேலே ஐஆர்எஸ்1 புரதத்தை அமுக்கி வைத்திருந்ததே அதுதான். அமுக்க ஆளில்லாமல் தடத்தின் மேலே உள்ள பிஐ3 கைனேஸ் முடுக்கமாகி, செல்லைப் பிழைக்க வைக்கும் ஏகேடி ஏறுகிறது. தண்ணீர் வேறு பக்கம் போகவில்லை. அதே சானலில் மேல் ஷட்டர் தூக்கிக்கொண்டது. இதைப் ‘பின்னூட்டத் தளர்வு’ எனலாம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான ஈஎஸ்ஆர்1 மரபணுவில் வரும் ஒய்537எஸ், டி538ஜி திடீர்மாற்றங்களும் வேறு. ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் மருந்தான அரோமட்டேஸ் தடுப்பி அதை வற்றடித்தாலும் ஏற்பி தானே முடுக்கமாகி நிற்கும். அது மூடாத மடை. இங்கே ஏற்பியையே சிதைக்கும் மருந்துக்கு வேலை உண்டு. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலசெஸ்ட்ரான்ட் இந்த வகைக்கானது. மறுகால் பாய்கிற கட்டியில் ஏற்பியைச் சிதைத்தால் மட்டும் போதாது, பாயும் இடத்தையும் அடைக்க வேண்டும். சொல் குழம்பினால் மருந்தும் குழம்பும்.

——

‘பின்னூட்டத் தளர்வு’ சரி. ‘மூடாத மடை’ விளக்கத்துக்கு ஆகும். கலைச்சொல்லாகத் ‘தன்முடுக்க ஏற்பி’ என்று வைப்போம்.

இன்னொன்று: வடக்கே மறுகாலைக் கலிங்கு, கலங்கல் என்பார்கள். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மறுகால் (கலிங்கு)’ என்று போட்டுவிடலாம். பதிவுக்கு:

மறுகால் குறிகை: மருந்து அடைத்த ஏற்பியைத் தொடாமல், வேறோர் ஏற்பி வழியாக அதே செல்பெருக்க முடிவை எட்டும் குறிகை.

‘அதே’ என்பதை யாரும் வெட்டிவிட வேண்டாம்.