ஆறு மாதம் முன் 'ஒரிஜினல்' என்று வாங்கிய லேப்டாப், இப்போது 'ஆக்டிவேட் விண்டோஸ்' கேட்கிறது. உதவி தேவை

பட்டர்வொர்த் அச்சுக்காரி | ஜனவரி 9

வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பேனர் எல்லாம் வீட்டிலிருந்தே வடிவமைத்துக் கொடுக்கிறேன். போன ஜூலை 12ஆம் தேதி பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். திங்க்பேட் டி480, ஏதோ கம்பெனியில் கழித்துவிட்டது, 1,150 வெள்ளி (ரிங்கிட்). ரசீதில் கடைக்காரர் தன் கைப்பட 'விண்டோஸ் ஒரிஜினல், ஆபீஸ் லைஃப்டைம்' என்று எழுதியே கொடுத்தார்.

நேற்றுக் காலையிலிருந்து திரையின் வலது மூலையில் மங்கலாக 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று நிற்கிறது. பின்னணிப் படத்தை மாற்றப் போனால் விடவில்லை. வேர்டைத் திறந்தால் தலையில் சிவப்புப் பட்டை. கடைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "வைரஸ் பிடிச்சிருக்கும், கொண்டு வாங்க, 80 வெள்ளி" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 1 தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் மூன்று தண்ணீர்ப் பந்தல்களுக்குப் பேனர், அதோடு ஒரு அன்னதான நோட்டீஸ், எல்லாம் என் தலையில். இது உண்மையிலேயே வைரஸா? 80 வெள்ளி கொடுத்தால் தீருமா?

செந்தூல் வயர்மேன்

அக்கா, பணம் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து, அட்மின் என்று போட்டிருக்கும் பவர்ஷெல்லைத் திறங்கள். அதில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று தட்டி என்டர் அடியுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே இங்கே போடுங்கள்.

பட்டர்வொர்த் அச்சுக்காரி

செய்துவிட்டேன் தம்பி. பெயர்: விண்டோஸ், எண்டர்பிரைஸ் எடிஷன். அடுத்த வரியில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் சேனல்'. நிலை: நோட்டிஃபிகேஷன். கீழே ஒரு பிழை எண், சி004எஃப்074 என்று முடிகிறது.

செந்தூல் வயர்மேன்

நினைத்தேன். இது வைரஸ் இல்லை அக்கா. தவணை முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான ஏற்பாடு. நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஆளுக்கொரு சாவி கொடுக்காமல், அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கணினியும் அதனிடம் 'நான் நம்ம ஆள்தான்' என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும். அந்தக் கையெழுத்து 180 நாளுக்குச் செல்லும். அலுவலகத்தில் இருக்கும் கணினி ஏழு நாளுக்கு ஒருமுறை தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. உங்கள் கடைக்காரர் தன் கடைக்குள் ஒரு போலி சர்வரை வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகு புதுப்பிக்க ஆளில்லை. அந்தப் பிழை எண்ணுக்கு அர்த்தமே 'கேஎம்எஸ் சர்வரைக் காணோம்' என்பதுதான்.

ஜூலை 12லிருந்து எண்ணிப் பாருங்கள். ஜனவரி 8 வரை சரியாக 180 நாள். 80 வெள்ளி கொடுத்தால் இன்னொரு 180 நாள் கிடைக்கும். ஜூலையில் மறுபடி 'வைரஸ்' வரும்.

ஜெலுத்தோங் பையன்

எதுக்கு இவ்வளவு பேச்சு? இணையச் சந்தையில் 20 வெள்ளிக்கு விண்டோஸ் சாவி விற்கிறார்கள். நான் மூன்று வாங்கினேன், மூன்றும் ஓடுகிறது.

கணக்குப்பிள்ளை

ஓடும், ஓடாது என்பது வேறு, உரிமம் வேறு. 20 வெள்ளிச் சாவிகளில் பல ஏதோ ஒரு நிறுவனமோ கல்லூரியோ மொத்தமாக வாங்கிய சாவியைத் துண்டு போட்டு விற்பது. இத்தனை கணினி என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. கணக்கு தீர்ந்தாலும், கொடுத்தவர்கள் சாவியை முடக்கினாலும் உங்களுக்குக் கேட்க நாதி இல்லை. '2012இல் ஐரோப்பிய நீதிமன்றமே மறுவிற்பனை சரி என்று சொல்லிவிட்டது' என்பார்கள். அது ஐரோப்பாவுக்கு. அதுவும், வாங்கியவர் தன் பிரதியை அழித்துவிட்டு முழுதாகக் கைமாற்றினால்தான். ஒரு சாவியை நூறு பேருக்கு விற்க அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை.

அம்மா, நீங்கள் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அல்லாமல் திருட்டுப் பிரதி வைத்திருந்தால் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் என்று இருக்கிறது. 'ஓப்ஸ் துலேன்' என்று அமலாக்க அதிகாரிகள் நிறுவனங்களுக்குள் சோதனைக்குப் போன கதையெல்லாம் அந்தச் சட்டத்தை வைத்துத்தான். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் 20 வெள்ளிச் சாவியில் மிச்சம் பிடிக்கப் போய் இந்தத் தலைவலி எதற்கு?

பட்டர்வொர்த் அச்சுக்காரி

ஐயோ, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் புதிதாக உரிமம் வாங்கத்தான் வேண்டுமா? அது பாதி லேப்டாப் விலை வருமே.

செந்தூல் வயர்மேன்

வாங்க வேண்டியதே இருக்காது என்று நினைக்கிறேன் அக்கா. லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள், 'விண்டோஸ் 10 ப்ரோ' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கிறதா?

பட்டர்வொர்த் அச்சுக்காரி

பாதி தேய்ந்துபோய் இருக்கிறது. 'ப்ரோ' என்பது தெரிகிறது. ஆனால் சாவி எண் எதுவும் இல்லையே?

செந்தூல் வயர்மேன்

சாவி ஸ்டிக்கரில் இருக்காது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் அதை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த உரிமம் மனிதருக்கு இல்லை, கணினிக்கு. கம்பெனி கழித்துவிட்டாலும், கை மாறினாலும், அதே மதர்போர்டு இருக்கும்வரை கூடவே வரும். சந்தேகம் இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஷோகீபிளஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள், சிப்பில் உள்ள சாவியைக் காட்டும்.

ஆக, உங்களிடம் அசல் ப்ரோ முதல் நாளே இருந்தது. கடைக்காரர் அவசரத்தில் எல்லா லேப்டாப்பிலும் ஒரே எண்டர்பிரைஸ் பிரதியை அடித்திருக்கிறார். எடிஷன் பொருந்தாததால் சிப்பில் உள்ள ப்ரோ சாவி சும்மா தூங்குகிறது. வீட்டில் நெல் மூட்டை இருக்க, அடுத்த வீட்டில் அரிசி திருடிக் கொடுத்த கதை!

முதலில் கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க்கில் எடுங்கள். உங்கள் எழுத்துருக்களை மறக்காதீர்கள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளுங்கள். 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, திரும்ப அதையே போடுவதில் பயனில்லை. உங்கள் பிராசசர் எண் ஐ5க்குப் பிறகு 8 என்று தொடங்கினால் 11 ஏற்றுக்கொள்ளும். பழைய பகுதிகளை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். எந்த எடிஷன் வேண்டும் என்று கேட்காமல் தானாகவே ப்ரோவுக்குப் போனால் சிப்பில் சாவி இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. 11 இப்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், அதோடு டிஸ்க்கை ஓசைப்படாமல் பூட்டியும் வைக்கும். அந்தப் பூட்டின் மீட்புச் சாவி உங்கள் கணக்கில்தான் இருக்கும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

கடைத்தெரு பெரியவர்

விண்டோஸ் தீர்ந்தது, ஆபீஸ்? அது கணினியோடு வராது. 'லைஃப்டைம்' என்று எழுதியவர் யாருடைய ஆயுளைச் சொன்னாரோ.

சந்தா கட்டலாம் என்று நினைத்தால் ஒன்று தெரிந்துகொள். 2024 கடைசியில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற சில இடங்களில்தான் முதன்முதலில் மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தாவில் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரைச் சேர்த்து விலையை ஏற்றினார்கள். அது இல்லாத 'கிளாசிக்' திட்டம் பழைய விலையிலேயே இருப்பதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலியாவின் பயனீட்டாளர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கே போட்டது. ரத்து செய்யப் போனால்தான் அந்தத் திட்டம் கண்ணில் படும் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

எனக்கு ஜார்ஜ்டவுன்தான் ஞாபகம் வருகிறது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை கடைவீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தோம், வீடு நம்முடையது என்றே நினைப்பு. 2000இல் கட்டுப்பாடு போனதும் வாடகை எகிறிற்று. பாதித் தெரு தட்டுமுட்டுச் சாமான்களோடு கிளம்பியது. அன்றைக்குத்தான் குடியிருப்பது வேறு, சொந்தம் வேறு என்று பலருக்கு உறைத்தது. சந்தா மென்பொருளும் எனக்கு அதே கடைவீடுதான். உனக்கு வேண்டியது நோட்டீஸ் தட்டுவது. லிப்ரே ஆபீஸ் போடு. இலவசம், தொழிலுக்கும் தடையில்லை.

ஜெலுத்தோங் பையன்

தாத்தா, லிப்ரே ஆபீஸில் வாடிக்கையாளர் அனுப்பும் வேர்டு கோப்பு கலைந்து வருமே?

கடைத்தெரு பெரியவர்

வரும். அட்டவணை போட்ட கோப்பு என்றால் கண்டிப்பாகக் கொஞ்சம் நகரும். திருட்டு ஆபீஸ் கலையாது என்பதற்காகத் திருட முடியுமா?

கணக்குப்பிள்ளை

வடிவமைப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2025 அக்டோபர் 30இலிருந்து கேன்வா நிறுவனம் இலவசமாக்கிவிட்டது. கணக்கு மட்டும் திறக்க வேண்டும், ஏஐ வசதிகளுக்குத்தான் காசு. ஆனால் நிறுவியதும் முதல் வேலையாக 'கொடுமை', 'ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் தமிழ் வேலைக்கு அது ஆகாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வரும். அச்சகம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு வண்ண முறை) கேட்டால் ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள்.

எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு, அதை நம் ஆட்கள் நினைப்பதே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் மூன்றும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பவை. காசு வாங்கும் பத்திரிகையிலும் தாராளமாகப் போடலாம்.

கடையை விடாதீர்கள். ரசீதைப் படமெடுத்து, பணத்தில் ஒரு பகுதியாவது கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போனால் போதும்.

பட்டர்வொர்த் அச்சுக்காரி | ஜனவரி 12

தம்பி, ஓடிவிட்டது! எடிஷன் கேட்கவே இல்லை, நேராக ப்ரோ. செட்டிங்ஸில் 'டிஜிட்டல் உரிமத்தோடு ஆக்டிவேட் ஆகியுள்ளது' என்று ஆங்கிலத்தில் நிற்கிறது. ஒரு காசு செலவில்லை. பென்டிரைவ்கூட மகனுடையது.

கடைக்காரருக்கு ரசீதின் படத்தோடு, 'நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி என்கிறார்கள்' என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. 150 தருகிறாராம், 'பழகின மனுசங்க' என்றார். போன வாரம் வைரஸ் என்ற அதே வாய். வாங்கிக்கொள்ளலாமா?

பந்தல் பேனர் இரண்டு இங்க்ஸ்கேப்பில் முடித்துவிட்டேன். மூன்றாவதில்தான் சிக்கல். என் வீட்டுத் திரையில் சரியாகத் தெரியும் முருகன் பாட்டு வரி, அச்சகத்தில் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறதாம்.

செந்தூல் வயர்மேன்

150ஐ வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, கையில் வந்த பிறகு நன்றி சொல்லுங்கள். பேனருக்கு: அச்சகத்துக்காரரிடம் உங்கள் எழுத்துரு இல்லை. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் முதல் வரி 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துவிட்டு பிடிஎஃப் எடுங்கள். எழுத்து படமாக மாறிவிடும், எங்கே திறந்தாலும் கலையாது. மாற்றுமுன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது.

பட்டர்வொர்த் அச்சுக்காரி

வந்துவிட்டது. அச்சுக்குப் போயாச்சு. நகல் எடுத்தது நல்லதாகப் போயிற்று, 'அன்னதானம்' ஒரு 'ன்' குறைச்சலாக இருந்தது.