பேசுறவுகளுக்கு முதல் முறை

குழு: அப்பத்தா வீடு

வியாழக்கிழமை

நான்: எல்லாரும் ஒரு தடவ படிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன். ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், பெரியப்பாவோட படகு கரையிலதான். புள்ளைக எந்நேரமும் போனும் கையுமா இருக்குதுகன்னு அத்தை சொன்னாங்க. நான் ஒரு விளையாட்டு கொண்டு வர்றேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ரெண்டு பகடை, பென்சில், ஆளுக்கொரு தாள், கொஞ்சம் சோழி. மிச்சமெல்லாம் பேச்சு.

தங்கச்சிமடம் சித்தி: பேச்சுன்னா? நாடகமா?

நான்: கிட்டத்தட்ட அதான் சித்தி. வசனம் எழுதி வைக்காத நாடகம். கதையை நான் நடத்துவேன். "நீ கதவைத் திறக்குற, உள்ள இருட்டா இருக்கு, என்ன செய்வ?"ன்னு கேப்பேன். நீங்க உங்க ஆளா இருந்து பதில் சொல்லணும். சொன்னது நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா மட்டும் பகடை.

தம்பி: எந்தக் கதை அக்கா?

நான்: டாக்டர் ஹூ. 1963 நவம்பர் 23ல பிபிசியில ஆரம்பிச்ச தொடர். டாக்டர்னு ஒருத்தர், வேற உலகத்து ஆளு. அவர்கிட்ட டார்டிஸ்னு ஒரு நீலப்பெட்டி. வெளியில பாத்தா பழைய லண்டன் போலீஸ் கூண்டு, உள்ள போனா அரண்மனை கணக்கா விரியும். எந்த ஊருக்கும் போகும், எந்த வருசத்துக்கும் போகும். அதோட முதல் கதையை இயக்குனவர் வாரிஸ் ஹுசேன், நம்ம லக்னோவில பொறந்தவர். இந்தத் தொடரை வச்சு 2009ல கியூபிகிள் 7னு ஒரு கம்பெனி உக்காந்து விளையாடுற மாதிரி புத்தகம் போட்டாங்க. அதுல இருந்து நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கேன்.

தம்பி: சண்டை இருக்கா? துப்பாக்கி?

நான்: இதைக் கேப்பன்னு தெரியும்டா. இந்த விளையாட்டுல எனக்கு ரொம்பப் புடிச்சதே இந்த இடந்தான், நிதானமா படி. நிறைய விளையாட்டுல யாரு வேகமோ அவன் முதல்ல அடிப்பான். இதுல அப்படி இல்ல. ஆபத்து வந்துருச்சுன்னு வையி. முதல் முறை பேசுறவங்களுக்கு. ரெண்டாவது ஓடுறவங்களுக்கு. மூணாவது ஏதாச்சும் வேலை பாக்குறவங்களுக்கு, பூட்டைத் திறக்குறது, கயிறு கட்டுறது, இது மாதிரி. கடைசியிலதான் சண்டை போடுறவங்களுக்கு. எதிரி துப்பாக்கியைத் தூக்கி நின்னாலும் சரி, நீ பேச நினைச்சா அவன் சுடுறதுக்கு முந்தி பேசி முடிச்சிரலாம். அவன் காத்திருந்துதான் ஆகணும், விதி அப்படி. டாக்டர் தொடர் பூராவும் அப்படித்தான் தப்பிப்பார், வாயாலயும் காலாலயும்.

மண்டபம் அத்தை: அப்ப எனக்குத்தான் முதல் முறை 😄

நான்: நிச்சயமா அத்தை. உங்களுக்கும் தாள் போட்டாச்சு.

மண்டபம் அத்தை: பகடையை எப்பிடிக் கணக்குப் பண்றது? ஒரு உதாரணம் சொல்லு.

நான்: ஒவ்வொருத்தருக்கும் ஆறு குணம். கவனம், கைப்பக்குவம், சமயோசிதம், ஆளுமை, மனவுறுதி, பலம். அதோட கத்துக்கிட்ட வித்தைகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். பாம்பன் ரோட்டுப் பாலத்து நடுவுல வேன் நின்னுபோச்சு, பெரியப்பா இறங்கிப் பாக்குறாங்கன்னு வைங்க. சமயோசிதம் 4, எந்திர வித்தை 3. ரெண்டு பகடை உருட்டுனா 2, 3 விழுது. எல்லாம் சேத்து 12. நான் கேட்டதும் 12. மயிரிழையில எட்டிட்டாங்க, அதனால பதில் "ஆமா, ஆனா". வேன் கிளம்பிருச்சு, ஆனா பிரேக் சரியில்ல. நிறைய தாண்டியிருந்தா "ஆமா, அதோட", கூடுதலா ஒரு நல்லது நடக்கும். கொஞ்சத்துல தவறுனா "இல்ல, ஆனா". ரொம்பத் தவறுனா "இல்ல, அதோட", கெட்டதுக்கு மேல கெட்டது. வெறும் ஆமா, வெறும் இல்ல, இதையும் சேத்து மொத்தம் ஆறு பதில்.

பெரியப்பா: கடல்ல எங்களுக்கு எந்நாளும் விழுகுறது ஆமா ஆனா தான் தாயி. மீனு ஆமா. ஆனா வலை கிழிஞ்சிருக்கும்.

நான்: பெரியப்பா, இதை அப்படியே புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப்போறேன். ரெண்டு பக்கத்துல என்னால விளங்க வைக்க முடியாததை ரெண்டு வரியில சொல்லிட்டீங்க.

தங்கச்சிமடம் சித்தி: சோழி என்னமோ கேட்டியே, அது எதுக்கு?

நான்: கதைப்புள்ளிக்கு சித்தி. அடுத்தவங்களுக்காக ஒருத்தர் சிரமப்பட்டா ஒரு சோழி குடுப்பேன். கை விட்டுப் போற நேரத்துல அதைக் கட்டி, கெட்ட பதிலை ஒரு படி நல்லதாக்கிக்கலாம். ஐம்பது சோழியாச்சும் வேணும்.

பாப்பா: அக்கா பெட்டி எங்க வேணாலும் போகுமா

நான்: எங்க வேணாலும் போகும் பாப்பா. செவ்வாய்க் கிரகத்துல ஒரு கதை எழுதி வச்சிருக்கேன்.

பாப்பா: செவ்வாய் வேணாம். தனுஷ்கோடி போலாம். 1964

தம்பி: ஆமாக்கா!! ரயிலை நிப்பாட்டலாம்

அத்தை மகன்: பாம்பன் ஸ்டேசன்லயே சிவப்புக் கொடி காட்டிரலாம்

பெரியப்பா: வேணாம்.

பெரியப்பா: அது விளையாடுற இடம் இல்ல தாயி. புயல் அடிச்ச அந்த டிசம்பர் 22ந்தேதி ராத்திரி 11:55க்கு பாம்பன்ல எடுத்த பாசஞ்சர், தனுஷ்கோடி போயிச் சேரவே இல்ல. அதுல இருந்த அத்தனை சனமும் போச்சு. கணக்குல வராம டிக்கெட் இல்லாம ஏறுனவுக எத்தனை பேரோ. உடைஞ்ச பாம்பன் ரயில் பாலத்தை 46 நாள்ல எஞ்சினியர் ஸ்ரீதரன் நிமித்திட்டாரு. தனுஷ்கோடி இன்னைக்கு வரைக்கும் நிமிரல. அங்க போயி பகடை உருட்டுவீகளா? ஆத்தா இந்தக் குழுவுல இருக்கு. படிக்கத் தெரியாட்டியும் கூட இருக்குற பேரன் படிச்சுக் காட்டுவான். யோசிச்சுப் பேசுங்க.

(இரவு 9:40 வரை யாரும் எதுவும் போடவில்லை.)

நான்: பெரியப்பா, நீங்க சொன்னதை ரெண்டு மணி நேரமா யோசிச்சேன். வேணாம்னா வேணாம், செவ்வாய்க்கே போறோம். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க.

இந்தத் தொடர்ல ஒரு கண்டிப்பான விதி இருக்கு. சில நிகழ்ச்சிகள் காலத்துல அடிச்ச முளை மாதிரி, அதைப் புடுங்க டாக்டராலயும் முடியாது. 2008ல வந்த ஒரு கதையில பாம்பேய்க்குப் போவார். ரோமாபுரிக் காலத்து ஊரு, கி.பி. 79ல எரிமலை வெடிச்சு சாம்பல்ல மூடிப்போச்சு. கூட வந்த டோனாங்கிற பொண்ணு, ஊரைக் காப்பாத்துங்கன்னு அழுவா. முடியாதும்பார். ஊரு வேணாம், யாராச்சும் ஒருத்தரையாவதுன்னு கெஞ்சுவா. ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் பெட்டியில ஏத்திக்குவார். நான் அதைப் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி தூங்கல. எனக்கு பாம்பேய் ஞாபகத்துல இல்ல பெரியப்பா, முகுந்தராயர்சத்திரம் தாண்டித் தனுஷ்கோடி போனா நிக்குமே அந்த இடிஞ்ச கோயில் சுவரு, அதான் ஞாபகத்துல இருந்துச்சு.

அதனால நம்ம புள்ளைக போனாலும் ரயிலை நிப்பாட்ட விடமாட்டேன். புயலையும் தொட விடமாட்டேன். ஒருத்தர் உசுரு போகுமா பிழைக்குமான்னு ஒரு பகடையும் உருள விடமாட்டேன்.

மண்டபம் அத்தை: தம்பி, இதை ஆத்தாவுக்கு வாசிச்சுக் காட்டு.

தம்பி: அப்பத்தா தூங்கிருச்சு அத்தை. காலையில.

வெள்ளிக்கிழமை

தம்பி: அப்பத்தா குரல் பதிவு மூணு போடுறேன். பெரியப்பாவுக்குச் சரியா கேக்காதுன்னு எழுதியும் போடுறேன். சொன்னது சொன்னபடி.

தம்பி: (அப்பத்தா, 1) "புள்ளைகளைத் திட்டாத. எனக்கு அப்ப ஒம்பது வயசு. எங்கப்பா கப்பலடியில மூட்டை தூக்குனாக. மெட்ராசுல இருந்து போட் மெயில் வரும், சனம் இறங்கி தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும். எங்க வீடு ஓலை வீடுதான். கிறிஸ்மசுக்கு மூணு நாளு இருக்கு. பாவாடை தச்சு வந்துருச்சு, போட்டுப் பாக்கக் குடுக்கல எங்கம்மா."

தம்பி: (அப்பத்தா, 2) "ராத்திரி முழிச்சுப் பாத்தா பாயி மிதக்குது. அப்பா எங்களை மணல்மேட்டுல ஏத்தி விட்டாக. விட்டுட்டு இறங்கிப் போனாக, வீடு வீடா எழுப்ப. கையில விளக்கு இல்ல, கயிறு இல்ல. வாயி மட்டுந்தான். ரெண்டு தடவ சனத்தோட மேல வந்தாக. மூணாந்தடவ போனாக. வரல."

பெரியப்பா: ஆத்தா. தாத்தா கடல்ல போயிட்டாகன்னுதான எங்களுக்குச் சொன்ன.

தம்பி: பெரியப்பா, கேட்டேன். அப்பத்தா சொல்லுது: "கடல்லதான போனாக. கடலுக்குப் போற புள்ளைகிட்ட அதுக்கு மேல என்னத்தச் சொல்ல."

(பெரியப்பா அழைத்தார், தம்பி போனில் 14 நிமிடம்.)

நான்: தம்பி, மூணாவது பதிவு வரல.

தம்பி: (அப்பத்தா, 3) "அந்தப் புள்ளைக்குச் சொல்லு. எங்கப்பாவைக் காப்பாத்துறேன்னு கதையைத் திருப்ப வேணாம். அவுக போனது போனதுதான். அவுக எத்தனை வீட்டுக்குப் போயி கதவைத் தட்டுனாகன்னு எனக்குத் தெரியாது. இருட்டு. நான் மேட்டுல இருந்தேன். அவுக கூட நடந்து போயி, அதை மட்டும் பாத்துட்டு வரச் சொல்லு."

நான்: அப்பத்தா, அது நாங்க உக்காந்து சொல்லிக்கிறதுதானே. நிசத்துல நடந்தது அதுல தெரியாதே.

தம்பி: அதையும் வாசிச்சேன். "அது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் போயிட்டு வாங்க"ன்னு சொல்லுது.

நான்: தம்பி, இந்த மூணு பதிவையும் அழிச்சிராத. எனக்குத் தனியாவும் அனுப்பு. டாக்டர் ஹூவோட பழைய பாகங்கள் நிறையவே பிபிசிகிட்ட இல்ல. நாடாவை அழிச்சு மறுபடி பயன்படுத்திக்கிட்டாங்க. படம் போச்சு, ஆனா சத்தம் போகல. அந்தக் காலத்துல வீட்டுல டிவி முன்னாடி ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்ச ரசிகர்களால, தொலைஞ்ச பாகம் அத்தனைக்கும் குரல் இன்னைக்கு இருக்கு. அப்பத்தா குரலும் அப்படி இருக்கணும்.

தங்கச்சிமடம் சித்தி: நானும் எடுத்து வச்சுக்கிட்டேன். அழுகை வந்துருச்சு.

பெரியப்பா: தாயி. விளையாடுங்க. என்கிட்ட ரெண்டு விசயம் கேட்டுக்க. புயல் காத்துல பத்தடி தள்ளி நிக்கிறவன் கத்துறது கேக்காது. காத்து வர்ற பக்கம் நின்னு கூப்பிட்டாத்தான் குரல் வீட்டுப் பக்கம் போகும். எதிர்ப்பக்கம் நின்னு தொண்டை கிழிஞ்சாலும் பிரயோசனம் இல்ல. அடுத்து, இருட்டுல சனம் கிளம்பாது. சாமானை எடுக்கப் போகும். புள்ளையை முதல்ல தூக்கிட்டீகன்னா பெத்தவ பின்னாலயே வந்துருவா.

நான்: இது ரெண்டும் விதியாவே வருது பெரியப்பா. காத்து வர்ற பக்கம் நின்னு கூப்பிட்டா பகடைக்கு மேல 2 கூட்டிக்கலாம். புள்ளையைத் தூக்குனவங்களுக்கு ஒரு சோழி.

பாப்பா: அக்கா அப்ப சண்டைக்காரங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லயா

நான்: இருக்கு பாப்பா. பலம் கூடுனவங்க வயசானவங்களைச் சுமக்கணும். ஆனா முதல் முறை பேசுறவங்களுக்குத்தான். அலை வர்றதுக்கு முந்தி அவங்க கதவுக்கிட்ட போயிருப்பாங்க.

சனிக்கிழமை

தம்பி: அக்கா, அப்பத்தா சொல்லச் சொல்ல காலண்டர் தாளு பின்பக்கம் தெரு வரைஞ்சிருக்கேன். (படம்) கீழ இருக்குற கோடு தண்டவாளம். வடகடல் இந்தப் பக்கம், தென்கடல் அந்தப் பக்கம். வட்டம் போட்டது மணல்மேடு.

நான்: எவ்வளவு அழகா வரைஞ்சிருக்க. வீடுகளை எண்ணிட்டேன், 11. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் எழுதிடுறேன், உள்ள எத்தனை பேரு, யாரு நடப்பாங்க, யாரைத் தூக்கணும்னு. தையக்காரம்மா வீடு, போர்ட்டர் வீடு, கருவாடு காயவைக்கிற வீடு வரைக்கும் புரியுது. மூலையில இருக்குறது என்ன?

தம்பி: கோயில் வேலை பாக்குறவரு வீடாம். அவருக்குக் காது கேக்காதாம்.

நான்: அப்ப அங்க வாயால கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல. உள்ள போயித் தொட்டு எழுப்பணும். சரி, நாளைக்கு பூசை முடிஞ்சு சாப்பிட்டுட்டு 4 மணிக்கு அப்பத்தா வீட்டுத் திண்ணை. பகடை ரெண்டு நான் கொண்டு வர்றேன். அத்தை சோழி. சித்தி பென்சில்.

மண்டபம் அத்தை: பயறு அவிச்சுக் கொண்டாறேன். பனங்கற்கண்டு போட்டு.

பெரியப்பா: நானும் வாரேன். தாளு வேணாம். ஆத்தா பக்கத்துல உக்காந்துக்கிறேன்.

நான்: வாங்க பெரியப்பா.

தம்பி: அக்கா, அப்பத்தா படத்தைத் திரும்ப வாங்கிப் பாத்துச்சு. 11 இல்லையாம், 12ஆம். ஊத்துக்குப் பக்கத்துல ஒரு வீட்டை விட்டுட்டேனாம். அங்க ஒரு கைப்புள்ளை உண்டாம், அதையும் எழுதச் சொல்லுது.