அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்குப் பின் நம்பரே கேட்பதில்லையே, வெறும் கையெழுத்து போதுமா?

புதுசா_வந்தவன்:

டாலஸ் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கணக்கு தொடங்கி முதல் கிரெடிட் கார்டு வாங்கினேன். கார்டு தபாலில் வந்தது. பின் நம்பர் தனிக் கவரில் வரும் என்று பத்து நாள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்ததுதான் மிச்சம். போன் போட்டுக் கேட்டால், "எதற்கு, ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போகிறீர்களா?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்கிறார்.

போன சனிக்கிழமை ஆபீஸ் ஆட்களோடு சாப்பிடப் போனோம். ஊரில் மெஷினை மேசைக்குக் கொண்டு வருவார்கள், ஒரு கையால் மறைத்துக்கொண்டு நாலு எண்ணை அழுத்துவோம். இங்கே சர்வர் என் கார்டைக் கறுப்பு அட்டைக்குள் வைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்து கார்டோடு இரண்டு சீட்டு வந்தது. டிப் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. பேனா சரியாக எழுதவில்லை, கோழி கிளறியது மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்டுக்குப் பின்னால் நான் இன்னும் கையெழுத்தே போடவில்லை, எதோடு ஒப்பிடுவார்கள்?

இதைவிட வேடிக்கை, டெபிட் கார்டுக்கு மட்டும் கடையில் பின் நம்பர் கேட்கிறார்கள். பின்பக்கம் கையெழுத்துப் போடலாமா, அல்லது கூட வேலை செய்பவர் சொன்ன மாதிரி "ஐடி பார்க்கவும்" என்று எழுதி வைக்கலாமா? கார்டு தொலைந்தால் எவன் வேண்டுமானாலும் தேய்க்கலாம்தானே?

ப்ளேனோ_அண்ணாச்சி:

தம்பி, வந்த புதிதில் எல்லாருக்கும் இந்தப் பதற்றம் உண்டு. நான் 2003இல் வந்தபோது சிப்பும் கிடையாது, கார்டின் கறுப்புக் காந்தப் பட்டையை மெஷினில் சரக்கென்று இழுத்துவிட்டுக் கையெழுத்துதான்.

முதலில் சந்தேகத்தைத் தீர்க்கிறேன். பின்னால் கையெழுத்துக்குப் பட்டை இருந்தால் போட்டுவிடுங்கள், போடாத கார்டு செல்லாது என்பதுதான் விசா, மாஸ்டர்கார்டு விதி. "ஐடி பார்க்கவும்" என்பது கையெழுத்துக்கு ஈடாகாது, முறைப்படி நடக்கும் கடைக்காரர் அதை மறுக்கலாம். ஆனால் உண்மை நிலவரம் வேறு. 2018 ஏப்ரலோடு மாஸ்டர்கார்டு, டிஸ்கவர், அமெக்ஸ், விசா என்ற நாலு கார்டு நிறுவனங்களுமே கையெழுத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன (விசா மட்டும் சிப் மெஷின் வைத்த கடைகளுக்கு). ஓட்டலில் இன்னும் கேட்கிறார்கள் என்றால் அது டிப்புக்காகத்தான். நீங்கள் சீட்டில் எழுதும் டிப்பை அப்புறமாகத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். பின் நம்பர் முறையில் முழுத்தொகையும் மேசையிலேயே முடிவாக வேண்டும், அதற்கு ஒவ்வொரு சர்வர் கையிலும் ஒரு மெஷின் வேண்டும். அந்தச் செலவுக்கு ஓட்டல்காரர்கள் லேசில் இறங்கவில்லை.

தொலைந்தால் என்ன ஆகும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. கிரெடிட் கார்டில் மற்றவன் தேய்த்ததற்கு உங்கள் தலையில் விழக்கூடியது அதிகபட்சம் 50 டாலர், சட்டமே அப்படித்தான். அதையும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். டெபிட்டில் கதையே வேறு. தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50, தாண்டினால் 500 வரை, ஸ்டேட்மென்ட் அனுப்பி 60 நாளும் கடந்துவிட்டால் அதற்கப்புறம் போனதற்கு வரம்பே இல்லை. அதுவும் உங்கள் வாடகைப் பணம் இருக்கிற கணக்கிலிருந்து போகும். அதனால் பின் நம்பர் உள்ள டெபிட்டை வீட்டில் வையுங்கள், இல்லாத கிரெடிட்டைத் தைரியமாகத் தேயுங்கள். தலைகீழாகத் தெரியும், ஆனால் அதுதான் சரி.

பெட்ரோல் பம்பில் ஜிப் கோடு (நம்ம ஊர் பின்கோடு மாதிரி) கேட்கும், பில் வருகிற முகவரியின் ஜிப்தான். இந்தியக் கார்டைப் போட்டால் அந்த இடத்தில் முழி பிதுங்கும், உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டியதுதான்.

சிப்புக்குள்ளே:

சென்னையில் பத்து வருடமாகக் கார்டு மெஷின்களைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் ஒரு திருத்தம். சிப், பின் நம்பர் இரண்டையும் எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு திருடனுக்கு வைத்த பூட்டு.

கறுப்புப் பட்டையில் இருப்பது என்றைக்கும் மாறாத எண்கள். ஒருமுறை நகலெடுத்தால் ஆயிரம் போலிக் கார்டு அடிக்கலாம். சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வியாபாரத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற குறியீட்டைக் கணக்குப் போட்டுத் தரும். நேற்றையதைத் திருடி இன்றைக்குப் பயன் இல்லை. ஆக சிப் போலிக் கார்டைத் தடுக்கிறது. பின் நம்பர் தடுப்பது, கீழே கிடந்த அசல் கார்டை எடுத்தவனை.

அமெரிக்கா முதல் பூட்டை மட்டும் போட்டுக்கொண்டது. 2013இல் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரம் திருடு போன பிறகு எல்லாருக்கும் அவசரம் வந்தது, 2015 அக்டோபர் 1 முதல் கடையோ வங்கியோ, சிப் வசதி இல்லாத தரப்புதான் போலிக் கார்டு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்றார்கள். பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் தள்ளித் தள்ளி 2021 ஏப்ரல் வரை போனது. பின் நம்பர் வேண்டும் என்று கேட்டது கடைக்காரர்கள்தான், வால்மார்ட் 2016இல் டெபிட் கார்டு விஷயத்தில் விசா மேல் வழக்கே போட்டது. வங்கிகளுக்கு அதில் அக்கறை இல்லை. கூடுதலாக ஒரு எண்ணைக் கேட்டால் வாடிக்கையாளர் வேறு கார்டை உருவிவிடுவாரோ என்ற பயம் ஒன்று, கையெழுத்து வழியில் போகும் டெபிட்டுக்குக் கடையிடம் கூடுதல் கட்டணம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது என்பது இன்னொன்று.

கேட்டவருக்கு ஒன்று. ஏடிஎம்முக்கு என்று வங்கி பின் நம்பர் கொடுத்தால் அதைப் பயன்படுத்திப் பணம் எடுத்துவிடாதீர்கள். அது கடன், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:

நான் லண்டனில் 2004 தொடக்கம் கடையில் கல்லாவில் நிற்கிறேன், இரண்டு காலத்தையும் பார்த்திருக்கிறேன். முந்தி அட்டையைத் திருப்பி வைத்து சீட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். வரிசையில் எட்டுப் பேர் நிற்கும்போது யார் வடிவாகப் பார்ப்பது? ஒருநாள் ஒரு வயதானவரின் கையெழுத்து பொருந்தவில்லை என்று இன்னொருக்கா போடச் சொன்னேன். கை நடுக்கம் அவருக்கு, மூன்று தரம் போட்டும் மூன்றும் மூன்று விதம். பிறகு எனக்குத்தான் வெட்கமாகப் போனது.

2006 பெப்ரவரி 14 முதல் இங்கே பின் நம்பர் கட்டாயம். காதலர் தினத்தைப் பார்த்து வைத்தார்கள், விளம்பரமும் அதற்கேற்ற மாதிரித்தான். கடைக்கு நிம்மதி. ஆனால் தம்பி, அதற்குப் பிறகு வங்கிகள் கதைத்த விதம் மாறியது. கள்ளக் கையெழுத்து என்றால் அது அவர்கள் பாடு. பின் நம்பர் அடிபட்டிருக்கிறது என்றால், "நீங்கள்தான் யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும்" என்று வாடிக்கையாளரின் பக்கம் கை நீட்டினார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒரு அன்ரிக்கு அப்படித்தான் நடந்தது, 800 பவுண் போய் நாலு மாதம் அலைந்தா.

2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒன்று செய்து காட்டினார்கள். திருடிய அட்டைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்னக் கருவி. அது அட்டையிடம் "இது கையெழுத்து வியாபாரம்" என்று சொல்லும், மெஷினிடம் "பின் நம்பர் சரி" என்று சொல்லும். 0000 அடித்தாலும் ஓடும், ரசீதில் பின் நம்பர் சரிபார்த்தது என்றே வரும்! அந்த ரசீதைத்தானே வங்கி உங்கள் முன் ஆதாரமாக நீட்டும். 2009 கடைசியில் வந்த விதிகளின்படி மெஷினில் பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே போதுமான ஆதாரம் இல்லை, அது பெரிய ஆறுதல். எண் நினைவில் நிற்காதவர்களுக்கும் கை விரல் முடியாதவர்களுக்கும் கையெழுத்து அட்டை இப்பவும் கேட்டால் கொடுக்கிறார்கள், இது கனபேருக்குத் தெரியாது.

ஆகவே பின் நம்பர் இல்லை என்று கவலைப்படாதையும். களவு போனால் யார் கட்டுவது என்பதைக் கேளும்.

ரேஸ்கோர்ஸ்_வாக்கர்:

கோவையிலிருந்து. அக்கா சொன்னதுதான் நிஜம். இங்கே டெபிட் கார்டுக்கு 2013 டிசம்பர் 1 முதல் கடையில் பின் நம்பர் கட்டாயம், 2018 முடிவதற்குள் பழைய பட்டைக் கார்டையெல்லாம் மாற்றச் சொல்லியாயிற்று. காகிதத்தில் நாம் அமெரிக்காவுக்கு முன்னால் நிற்கிறோம். நடைமுறையைக் கேளுங்கள். எங்க மாமனார் பெட்ரோல் பங்க்கில் காருக்குள் உட்கார்ந்தபடியே கார்டை நீட்டுவார். பையன் "பின் சொல்லுங்க சார்" என்பான். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பக்கத்து பம்பில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி நாலு எண்ணையும் ஒப்பிப்பார். நான் திட்டினால் "அவன் நல்ல பையன்டா, தினமும் பார்க்கிறேன்" என்கிறார். அந்த எண்ணும் அவர் பிறந்த வருடம்தான்.

பணம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கி மேலும் தப்பில்லை உங்கள் மேலும் தப்பில்லை என்றால் மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது, நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை. ஆனால் பின் நம்பரை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்கு. மாமனார் விஷயத்தில் சாட்சிக்கு ஒரு பங்க்கே இருக்கிறது.

அப்புறம், 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை தட்டினால் போதும், இங்கேயும் பின் நம்பர் கேட்காது. வேண்டாம் என்றால் வங்கி ஆப்பில் அதை அணைத்து வைக்கலாம், நான் அணைத்துவிட்டேன்.

புதுசா_வந்தவன்:

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்குக் கூடுதலாக. கார்டின் பின்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்த வழுவழுப் பட்டையில் மை ஒட்டாமல் பாதி அழிந்துபோய் மறுபடியும் கோழிதான். டெபிட் கார்டு அலமாரிக்குள் போயிற்று. ஒரு டாலர் செலவானாலும் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

நேற்று வேறு ஓட்டல். அதிசயமாக மெஷினை மேசைக்கே கொண்டு வந்தார்கள். பின் நம்பர் கேட்கும் என்று பழக்கதோஷத்தில் இடது கையால் மறைத்துக்கொண்டு குனிந்தால், 18, 20, 25 என்று டிப்புக்கு மூன்று பட்டன். சர்வர் தலைக்கு மேல் நிற்கிறார். மறைத்த கையை எடுக்காமலே 18ஐ அழுத்தினேன்.

ப்ளேனோ_அண்ணாச்சி:

அவருக்கு ரசீதில் தெரியும் தம்பி.