தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் போர்க்கால விமானச் சாமான்கள், இவற்றைப் பறக்கும் விமானத்தில் பயன்படுத்துவார்களா?

கோத்தகிரி மூடுபனி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் எங்கள் பழைய வீட்டை விற்கப் போகிறோம். போன வாரம் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் அவர் கோவை பீளமேட்டில் வெள்ளைக்காரர்களின் விமானப் பட்டறையில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தவர், போர் முடிந்ததும் மலையேறி வந்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றார். பேத்தி என்னிடம் பீளமேட்டுக் கதை நிறையச் சொல்வார், ஆனால் பெட்டியைத் திறந்து காட்டியதே இல்லை.

உள்ளே விமானத்தின் வேகமானி ஒன்று இருக்கிறது, வேகம் 'நாட்' (knot) என்ற அளவில், எண்களின் மேல் மஞ்சளாக ஏதோ பூச்சு. டப்பா நிறைய ரிவெட், தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணி. ஒரு சின்னச் சுத்தியல். அப்புறம் பென்சிலில் எழுதிய ஒரு நோட்டு, பாதி தமிழ் பாதி ஆங்கிலம், ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருக்கிறது.

சித்தப்பா எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. வெளிநாடுகளில் இந்தக் கால விமானங்களை மறுபடி பறக்க வைக்கிறார்களே, அவர்களுக்கு இவை உதவுமா? அதோடு, எண்பது வருடம் கிடந்த ஒன்றை எப்படித்தான் பறக்க வைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன் ஏர்ஃப்ரேம்:

அம்மா, முதலில் அந்த வேகமானி. அதைத் திறக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் தொடவே வேண்டாம். இருட்டில் தெரிவதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சு அடிப்பார்கள். இப்போது ஒளிராது, கூடச் சேர்த்த, ஒளி தரும் துத்தநாக சல்பைடு செத்துப் போயிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். மூடி உள்ள டப்பாவில் வைத்து, ஆள் படுக்காத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சுரண்டுவது, துடைப்பது, குழந்தைகள் கையில் கொடுப்பது எதுவும் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் விமானப்படையில் 22 வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடல், இறக்கையைப் பழுதுபார்ப்பவன், இந்த விஷயத்தில் எனக்கு ஆசை அதிகம். உங்கள் தாத்தா வேலை செய்தது பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளமாகத்தான் இருக்கும். அதற்கு எச்.எம்.எஸ். கருடா என்று கப்பல் மாதிரியே பெயர், 1942இல் தொடங்கி 1946இல் மூடினார்கள். சூலூரில் இருந்த தளத்துக்கு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர். கப்பலிலிருந்து பறக்கும் விமானங்கள் பழுதுக்கு அங்கே வரும்.

பறக்க வைப்பது என்றால் என்ஜினைக் கிளப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். என்ஜின் பாதிக் கதைகூட இல்லை. முதலில் விமானத்தை ஒவ்வொரு துண்டாகக் கழற்றுகிறார்கள். அலுமினியத்தில் துரு சிவப்பாகத் தெரியாது, வெள்ளை மாவு மாதிரி பூத்து உள்ளுக்குள்ளேயே தகட்டை இலை இலையாகப் பிரிக்கும். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார், ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. நடுவில் எங்கே அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் பெரும்பாலும் ஸ்பாரைப் புதிதாகவே செய்துவிடுகிறார்கள். 1940இல் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்த பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1980இல் வெளியே தெரிந்தது. அது மறுபடி பறந்தது 2011இல். கிரீன்லாந்தில் 1942இல் இறங்கிப் பனிக்குள் போன பி-38 என்ற அமெரிக்கப் போர் விமானம் ஒன்றை 1992இல் 80 மீட்டர் ஆழத்திலிருந்து தோண்டி எடுத்தார்கள், பட்டறையில் பத்து வருடம் கிடந்துதான் 2002இல் பறந்தது.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் படை போகும்போது கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் ஓட்டக்கூடாது என்று சிதைத்துப் போட்டுவிட்டுப் போனது. 1948இல் பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அங்கே போய்ப் பறக்கும் அளவுக்குச் சரிசெய்ய, சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்குப் பறந்து கொண்டுவந்தார். முழு வேலையும் பெங்களூரில்தான் நடந்தது. விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. அதில் ஒன்று அப்புறம் அமெரிக்கா போய், 1989இல் மறுபடி பறந்தது. எந்த அருங்காட்சியகத்தில் லிபரேட்டரைப் பார்த்தாலும் எனக்கு பெங்களூர் ஃபிட்டர்களின் கை ஞாபகம்தான் வரும்.

சரி, உங்கள் சாமான்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காகிதம் இல்லாத பாகத்தைப் பறக்கும் விமானத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் போடவிட மாட்டார். யார் செய்தது, எப்போது சோதித்தது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ரிவெட்டும் அப்படித்தான். சில வகை ரிவெட்டைச் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, இறுகுவதற்குள் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இருப்பது என்ன உலோகம் என்பதே இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நோட்டு வேறு விஷயம். அதில் விமானத்தின் எண்ணாக எழுத்தும் எண்ணும் சேர்ந்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

குன்னூர் ஷெட்:

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் விமானக்காரன் இல்லை, மலை ரயில் நீராவி என்ஜினோடு வாழ்ந்தவன். எங்கள் எக்ஸ் வகை என்ஜின் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தது. செய்த கம்பெனிக்கு எழுதிப் போட்டு ஸ்பேர் வாங்கும் காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தேய்ந்த பாகத்தை அளந்து, படம் வரைந்து, நாமே கடைந்துதான் ஓட்டினோம். பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையில் புது என்ஜின்களையே கட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் அது பழைய என்ஜினா, புது என்ஜினா என்று விவாதம் செய்வார். கல்லாறு தாண்டிப் பல்சக்கரம் நடுவில் இருக்கும் பல்தண்டவாளத்தைக் கவ்வி, 12 அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் அந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்று, தேய்ந்த பாகத்தில் எவ்வளவு தேய்மானம் வரை விடலாம், எங்கே கை வைத்தால் சூடு தெரியும் என்பதெல்லாம் படத்தில் இருக்காது. அதை எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அம்மா, உங்கள் தாத்தா எழுதி வைத்திருக்கிறார் என்றால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

கோத்தகிரி மூடுபனி:

இருவருக்கும் மிக்க நன்றி. வேகமானியை டப்பாவில் போட்டு வெளி ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன், கையையும் கழுவிவிட்டேன். நோட்டில் ஜே.டி. (JT) என்று ஆரம்பித்து மூன்று இலக்க எண்கள் நிறைய வருகின்றன. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வலது இறக்கை மடிப்புப் பின் தேய்வு. புதுசு போட்டோம். துரை வந்து பார்த்தார். மத்தியானம் பறந்தது." இறக்கையை மடிப்பார்களா?

வெலிங்டன் ஏர்ஃப்ரேம்:

மடிப்பார்கள் அம்மா, கப்பலுக்குள் இடம் போதாதே. ஜே.டி. வரிசையில் 100 முதல் 704 வரையிலான எண்கள் கோர்சேர் என்ற போர் விமானங்களுக்குக் கொடுத்தவை. இறக்கை கடற்பறவையின் இறக்கையைத் தலைகீழாக்கியது மாதிரி முதலில் கீழே வளைந்து பிறகு மேலே போகும், அதன் கீலில் இருக்கும் பின்னைத்தான் உங்கள் தாத்தா மாற்றியிருக்கிறார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அமெரிக்கா கடன் குத்தகையாகக் கொடுத்த இப்படிப்பட்ட விமானங்களில் எத்தனையோ போர் முடிந்ததும் கடலில் தள்ளப்பட்டன. விமானம் போய்விட்டது, அதில் வேலை செய்தவரின் கையெழுத்து இருக்கிறது.

கொடை மரவேலை:

தாமதமாக வருகிறேன். எல்லாவற்றையும் பறக்க வைக்கத்தான் வேண்டுமா என்று எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2019இலும் 2022இலும் அமெரிக்காவில் பழைய பி-17 குண்டுவீச்சு விமானங்கள் விழுந்து உயிர்கள் போயின, விமானங்களும் போயின. இங்கிலாந்தில் யோவில்டன் அருங்காட்சியகத்தில் கேடி431 என்ற கோர்சேர் நிற்கிறது. பிற்காலத்தில் அடித்த பெயின்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 1944இல் அடித்த பூச்சை அப்படியே வெளியே கொண்டுவந்தார்கள். அதைப் பறக்க வைத்திருந்தால் அந்தப் பூச்சு நமக்குக் கிடைத்திருக்காது.

மரத்தில் செய்த மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானம் என்றால் வேறு வழியே இல்லை. 1944இல் இந்தியாவிலேயே அதன் இறக்கை பிரிந்து விபத்துகள் நடந்தன, ஒட்டு வேலையின் குறையும் நம் வெயிலும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. 2012இல் நியூசிலாந்தில் ஒன்று பறந்ததே, அதற்கு அச்சு செய்து உடலை முழுக்கப் புது மரத்தில் கட்டினார்கள். மரவேலைக்காரனாக அதை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

நோட்டு விஷயம்: வெயிலில் காய வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். அடுப்பு இல்லாத, காற்று வரும் அறையில், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்து மெதுவாக உலர விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நன்றாக உலர்ந்த பிறகு மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையை வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு.

வெலிங்டன் ஏர்ஃப்ரேம்:

தம்பி, விபத்துகளைச் சொன்னது நியாயம். ஆனால் நிறுத்தி வைப்பதும் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஊரில் நினைவுக்காக நிறுத்திய விமானத்தில் மழைநீர் வடியும் துளைகளையெல்லாம் பெயின்ட் அடித்து அடைத்திருந்தார்கள், நான் பார்த்தபோது அடிவயிறு உளுத்துப் போயிருந்தது. பறக்கும் விமானத்தை வாரா வாரம் யாராவது திறந்து பார்ப்பார்கள். 2018இல் இங்கிலாந்திலிருந்து பறந்தே டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் விமானப்படைத் தளத்துக்கு வந்த நம் டகோட்டா சரக்கு விமானத்தை நினைத்துப் பாருங்கள். அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் புதுப்பித்து விமானப்படைக்குக் கொடுத்தது, அவருடைய அப்பா டகோட்டா ஓட்டியவர்.

அம்மா, நோட்டு உலர்ந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டோ எடுங்கள், பென்சில் எழுத்து அப்போதுதான் தெரியும். எல்லா ஜே.டி. எண்ணையும் இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகத் தேடுகிறேன்.

கோத்தகிரி மூடுபனி:

சித்தப்பாவிடம் அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். பெட்டியை நானே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். முதல் பன்னிரண்டு எண்களை நாளை ராத்திரி போடுகிறேன், இங்கே இன்னும் சாரல் நிற்கவில்லை, தாள்கள் ஈரமாகத்தான் இருக்கின்றன.